வீட்டுத் தோட்டத்தில் ஐரிஸ்: தூர் பிரித்து நடும் முறை



வேலை முடிந்து வந்து, உலையை ஏற்றிவிட்டு, வானொலிக்குக் காது கொடுத்திருக்கும் தாய்மார்களுக்காகவே இன்றைய பேச்சு. ஐரிஸ் என்னும் பூச்செடியை வீட்டு வாசலில் எப்படிப் பெருக்குவது என்பதுதான் பொருள். காசு கொடுத்து வாங்கும் முறையை நான் சொல்லப்போவதில்லை. அடுத்த வீட்டில் ஒரு தூர் இருந்தால் போதும். அதைப் பிரித்து லயத்திலுள்ள அத்தனை வீட்டுக்கும் செடி கொடுத்துவிடலாம்.

ஐரிஸ் என்றவுடன் நாட்காட்டிப் படத்தில் வரும் பெரிய ஊதாப்பூ உங்கள் நினைவுக்கு வரும். கிரேக்கர்கள் வானவில்லைத் தேவதையாகக் கொண்டு அவளை ஐரிஸ் என்று அழைத்தார்கள். பூவின் பெயர் அதிலிருந்து வந்தது. நம் கண்ணில் பாவையைச் சுற்றியுள்ள வண்ண வளையத்துக்கும் ஆங்கிலத்தில் அதே பெயர்தான். அந்த ஊதாப்பூவின் மீது எனக்கும் ஒரு காலத்தில் ஆசை இருந்தது. 2009ஆம் ஆண்டில், பட்டணத்துச் சந்தை ஒன்றில், பளபளப்பான படம் ஒட்டிய பையில் மூன்று காய்ந்த கிழங்குகளை வாங்கி வந்தேன். நம் ஊர் மண்ணில் இது பூக்குமா என்று விற்றவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கருணைக் கிழங்கைப் புதைப்பதுபோல் ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்தேன். காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினேன். மூன்று வாரம் கழித்துத் தோண்டிப் பார்த்தால் மூன்றும் கூழாகிக் கிடந்தன. நாற்றம் வேறு!

இதில் இரண்டு தவறுகள். முதலாவது, செடியைத் தேர்ந்ததில். அந்த வகை ஐரிஸ் குளிர்காலம் உள்ள நாடுகளுக்கு உரியது. சில மாதங்கள் கடுங்குளிரில் உறங்கி எழுந்த பிறகே அது மொட்டு விடும். நம் தோட்டப்புறங்களில் ஆண்டு முழுவதும் வெயிலும் மழையும்தான். உறக்கம் இல்லாத செடிக்குப் பூவும் இல்லை. இரண்டாவது தவறு, நட்ட விதத்தில். அதற்குப் பிறகு வருகிறேன். முதலில், நம் மண்ணுக்கு ஏற்ற ஐரிஸ் எது என்று பார்ப்போம்.

நம் வீடுகளில் தாராளமாக வளரக்கூடியவை இரண்டு உண்டு. ஒன்றன் இலைகள் வாள் போன்று நீண்டு, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, விரித்த விசிறிபோல நிற்கும். எங்கள் தோட்டத்தில் இதை விசிறிச் செடி என்பார்கள். இரண்டடி, மூன்றடி உயரத்துக்குத் தண்டு விட்டு, ஆரஞ்சு நிறத்தில் ஆறிதழ்ப் பூ பூக்கும். இதழ் முழுவதும் சிவப்புப் புள்ளி. சிறுத்தையின் தோலைப்போல் இருப்பதால் ஆங்கிலத்தில் சிறுத்தைப்பூ என்ற பொருளில் ஒரு பெயர் உண்டு. ஒரு பூவின் ஆயுள் ஒரே நாள். ஆனால் மறுநாள் வேறொன்று மலரும். வாடும்போது மற்றப் பூக்களைப்போல் தொங்கிவிடாமல், ஈரத்துணியைப் பிழிந்து முறுக்கியதுபோல் முறுக்கிக்கொள்ளும். பிள்ளைகளுக்கு அதைக் காட்டுங்கள், மிகவும் விரும்பிப் பார்ப்பார்கள்.

இந்தச் செடியின் பெயர்க்கதை சுவையானது. லின்னேயஸ் என்ற சுவீடன் நாட்டு அறிஞர் 1753இல் இதை ஆர்க்கிட் இனத்தோடு சேர்த்துவிட்டார். பின்னர் வந்தவர்கள் பெலம்கண்டா என்று தனிப்பெயர் கொடுத்தார்கள். அது மேலை நாட்டுச் சொல் அன்று. மலபார்க் கரையில் வழங்கிய பெயர், டச்சுக்காரர்கள் 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் அச்சிட்ட ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ் என்னும் பெரிய நூல்வழியாகத் தாவரவியலுக்குள் போனது. கடைசியாக 2005இல், மரபணுவை ஆராய்ந்து, இது ஐரிஸ் இனத்தைச் சேர்ந்ததுதான் என்று முடிவு கட்டி, ஐரிஸ் டொமெஸ்டிகா என்று பெயரிட்டார்கள். இமயமலைப் பக்கம் தொடங்கிச் சீனம், ஜப்பான் வரை இது இயற்கையாக வளர்கிறது.

மற்றது, மஞ்சள் பூப் பூக்கும் நடக்கும் ஐரிஸ். ட்ரிமேசியா என்பது அதன் நூற்பெயர். ஐரிஸ் குடும்பத்தில் இது பங்காளி உறவு. வெப்ப அமெரிக்க நாடுகளிலிருந்து வந்து, இன்று நம் நாட்டில் பள்ளி வாசலிலும் கோயில் ஓரத்திலும் காணக்கூடிய செடியாகிவிட்டது. காலையில் மலர்ந்து மாலையில் வாடும். பாதி நிழலிலும் வளரும். கூரை நிழல் விழும் வாசலுக்கு இதுவே ஏற்றது. சிறுத்தைப்பூவுக்கு நல்ல வெயில் வேண்டும்.

இனி, பெருக்கும் முறைக்கு வருவோம். ஐரிஸ் செடியைப் பிடுங்கினால் அடியில் விரல் பருமனில் கிழங்கு ஒன்று தெரியும். பலரும் அதை வேர் என்று நினைக்கிறார்கள். அது வேர் அன்று, படுத்துக்கொண்டிருக்கும் தண்டு. தண்டுக்கு உரிய கணு அதில் உண்டு, கணுவில் மொட்டும் உண்டு. நம் பிள்ளைகளின் அறிவியல் பாடத்தில் நிலத்தடித் தண்டு என்று வருகிறதே, அதுதான். பாடம் வருமுன்பே இது உங்களுக்குத் தெரியும். பொங்கலுக்கு வாங்கிய மஞ்சள் கொத்தை உங்கள் பாட்டி என்ன செய்தார்? ஒவ்வொரு துண்டிலும் முளைக்கண் இருக்கும்படி ஒடித்து, கொல்லையில் ஊன்றினார். இஞ்சியும் அப்படித்தான், கல்வாழையும் அப்படித்தான். ஐரிஸ் அந்த வரிசையில் இன்னொன்று. ஒரே வேறுபாடு, மஞ்சளுக்குக் கண் மட்டும் போதும். ஐரிஸுக்கு ஒரு விசிறி இலையும் சில வேர்களும் சேர்ந்து இருந்தால் விரைவில் பிடித்துக்கொள்ளும்.

இரண்டு ஆண்டு வளர்ந்து நெருக்கமாகிவிட்ட தூர் எது என்று பாருங்கள். நடுவில் இலை குறைந்து, ஓரத்தில் மட்டும் பசுமையாக இருந்தால், பிரித்துவிடு என்று செடியே கேட்கிறது என்று பொருள். முதல் நாள் மாலை தண்ணீர் ஊற்றி மண்ணை இளக்குங்கள். மறுநாள், தூரிலிருந்து ஒரு சாண் தள்ளி, சுற்றிலும் சாங்கோலை இறக்கி, மண்ணோடு சேர்த்துத் தூக்குங்கள். இலையைப் பிடித்து இழுக்க வேண்டாம், விசிறி மட்டும் கையோடு வந்துவிடும். மண்ணை உதறி, வாளித் தண்ணீரில் அலசினால், எது தாய், எது பிள்ளை என்று தெளிவாகத் தெரியும். நடுவில் இருக்கும் தாய்க்கிழங்கு முற்றி, சில இடங்களில் உள்ளே கூடாகக்கூட இருக்கும். அதைச் சுற்றிப் பிள்ளைக் கிழங்குகள், தலைக்கு ஒரு விசிறியுடன்.

வெட்டுவதற்குப் பாராங் வேண்டாம். அது நசுக்கும். சமையலறைக் கத்தியைத் தீட்டி, வெந்நீரில் கழுவி எடுத்துக்கொள்ளுங்கள். என் தகப்பனார் பால்மரம் வெட்டியவர். நல்ல வெட்டு எது என்பதை நான் அவரிடம்தான் பார்த்தேன். உளி கூர்மையாக இருந்து, ஆழம் போகாமல் பட்டையை மட்டும் சீவினால் மரம் மறுபடி பட்டை கட்டிக்கொள்ளும். மொண்ணை உளியால் கிழித்தால் காயம் புரையோடும். கிழங்கும் அப்படியே. ஒரே இழுப்பில் வெட்ட வேண்டும். ஒவ்வொரு துண்டிலும் ஒரு விசிறி, விரல் நீளக் கிழங்கு, அடியில் கொஞ்சம் வேர். கூடாகிப்போன தாய்க்கிழங்கைக் குப்பைக்குழியில் போட்டுவிடலாம்.

பிறகு இலையை வெட்ட வேண்டும். இதற்குத்தான் பலருக்கும் மனம் வருவதில்லை. பச்சை இலையை ஏன் டீச்சரம்மா வெட்டச் சொல்கிறீர்கள் என்று என்னிடமே கேட்டவர்கள் உண்டு. வேர் பாதி அறுந்துவிட்டது. உறிஞ்சும் தண்ணீர் குறைவு. இலையோ முன்போலவே வெயிலில் தண்ணீரை ஆவியாக விட்டுக்கொண்டிருக்கும். வரவு குறைந்த வீட்டில் செலவைக் குறைப்பதுபோல, இலையை ஒரு சாண் உயரத்துக்கு வெட்டிவிட வேண்டும். ஈக்குமாற்றுக் கட்டைபோல் அசிங்கமாகத்தான் இருக்கும். ஒரு மாதம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வெட்டு வாயில் அடுப்புச் சாம்பலோ, பொடித்த அடுப்புக்கரியோ தடவி, நிழலில் ஒரு நாள் உலர விடுங்கள். வெட்டு வாய் காய்ந்தபின் நட்டால் அழுகல் குறையும்.

இப்போது என் இரண்டாவது தவறுக்கு வருகிறேன். ஐரிஸ் கிழங்கை ஆழப் புதைக்கக் கூடாது. குளிர் நாட்டு வகையைக் கிழங்கின் முதுகு வெயிலில் தெரியும்படியே நடுவார்கள். நம்முடைய சிறுத்தைப்பூவுக்கு ஓர் அங்குல மண் மூடினால் போதும். விசிறியின் கழுத்து மண்ணுக்கு மேலே நிற்க வேண்டும். நம் தோட்டத்துச் செம்மண் களிப்பாக இருந்தால், மழைத் தண்ணீர் நின்றுவிடும். ஆகையால் மணலும் மக்கிய சாணமும் கலந்து, ஓரடி அகலத்தில் மேடு கட்டிக்கொள்ளுங்கள். மேட்டின்மேல் கிழங்கைப் படுக்கவைத்து, வேர்களை இருபக்கமும் கீழ்நோக்கி விரித்து, மண்ணை அழுத்துங்கள். செடிக்குச் செடி ஓரடி இடைவெளி. நட்ட அன்று ஒரு முறை நன்றாகத் தண்ணீர், பிறகு மேல்மண் காய்ந்தால் மட்டும். அடைமழை வாரத்தில் இந்த வேலையைத் தொடங்க வேண்டாம். வெயில் கொளுத்தும் வாரத்திலும் வேண்டாம். மற்றபடி நம் நாட்டில் எந்த மாதமும் நல்ல மாதமே. புதுக் கோழி எரு சூடு, வேரைச் சுட்டுவிடும். மக்கட்டும்.

விசிறியின் நடுவிலிருந்து புது இலை எட்டிப் பார்த்தால் வேர் பிடித்துவிட்டது. அதுவரை பொறுமை வேண்டும். எங்கள் பள்ளித் தோட்டத்தில் முதல் முறை நட்டபோது, ஒரு மாணவன் தினமும் காலையில் வேர் விட்டிருக்கிறதா என்று தன் செடியை மட்டும் பிடுங்கிப் பார்த்து, திரும்ப நட்டு வைத்தான். எல்லாருடைய செடியும் பிடித்தது, அவனுடையதைத் தவிர. அழுதான். அடுத்த பிரிப்பில் முதல் துண்டை அவனுக்குத்தான் கொடுத்தேன். அன்று மூன்று விசிறிகளுடன் தொடங்கினோம். இரண்டாம் ஆண்டு முடிவில் பதினாறு.

நடக்கும் ஐரிஸுக்கு இத்தனை பாடும் இல்லை. தூர் பிரித்தும் நடலாம், அது தானாகவும் பெருகும். பூ வாடிய பிறகு அதே பூந்தண்டின் நுனியில் ஒரு குட்டிச் செடி முளைக்கும். குட்டி பெரிதாகப் பெரிதாகப் பாரம் தாங்காமல் தண்டு வளைந்து தரையைத் தொடும். தொட்ட இடத்தில் குட்டி வேர்விடும். பிறகு அதிலிருந்து இன்னொரு தண்டு, இன்னொரு குட்டி. இப்படி ஓர் எட்டு, ஓர் எட்டாக நகர்வதால்தான் நடக்கும் ஐரிஸ் என்ற பெயர். நீங்கள் செய்யவேண்டியது, குட்டி விழும் இடத்தில் ஒரு சிறு தொட்டியை வைத்து, வளைத்த கம்பியால் மண்ணோடு பிடித்து வைப்பது. சில வாரங்களில் வேர் பிடித்ததும் தாய்த்தண்டை அறுத்துவிட்டால், கைமாற்றிக் கொடுக்கத் தனிச்செடி தயார்.

சிறுத்தைப்பூவை விதையிலிருந்தும் வளர்க்கலாம். காய் வெடித்தால் கறுப்பு முத்துகள்போல் விதைகள் கொத்தாக நிற்கும். ஆனால் முளைக்கவும் பூக்கவும் காலம் அதிகம். பொறுமையுள்ளவர்கள் முயன்று பார்க்கட்டும்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. சிறுத்தைப்பூக் கிழங்கை வெட்டினால் உள்ளே மஞ்சளாக இருக்கும். சமையலுக்கு ஊன்றிய மஞ்சள், இஞ்சிப் பாத்தியின் அருகில் இதை நட்டுவிடாதீர்கள். பிள்ளைகளோ, கண் மங்கிய பெரியவர்களோ மாற்றிப் பிடுங்கிவிடக்கூடும். இது தின்னும் கிழங்கு அன்று. சீன மருத்துவத்தில் தொண்டை நோய்க்கு இதைப் பயன்படுத்துவது உண்மைதான். ஆனால் அது மருந்து தெரிந்தவர் அளந்து கொடுப்பது. நாமாக இடித்துக் குடிக்கக் கூடாது. கர்ப்பிணிகள் பக்கத்திலேயே போக வேண்டாம். வெட்டி முடித்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொள்ளுங்கள்.

தொட்டியைப் பற்றியும் ஒரு வார்த்தை. பழைய வாளி, ஓட்டை விழுந்த அண்டா, மைலோ டின் எதுவானாலும் அடியில் நான்கு துளை போட்டால் தொட்டிதான். ஆனால் களைக்கொல்லி மருந்து வந்த பிளாஸ்டிக் தோம்பை வெட்டித் தொட்டி செய்வது நம் தோட்டங்களில் நெடுநாளைய வழக்கம். கழுவிவிட்டோம் என்பார்கள். எத்தனை முறை கழுவினாலும் அதை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். மருந்தடிக்கும் வேலையில் நம் பெண்கள் பட்ட பாடு கொஞ்சமா? பாராக்குவாட் என்னும் கொடிய களைக்கொல்லியை 2020 ஜனவரி முதல் தேதியிலிருந்து நம் நாட்டில் தடை செய்திருக்கிறார்கள். அதற்கு முன் வந்த தோம்புகள் சில வீட்டுக் கொல்லைகளில் இன்னும் கிடக்கலாம். பூச்செடி வைக்கப் பிள்ளை அந்தத் தோம்பைத்தான் தூக்கிக்கொண்டு வரும். அதை நிர்வாகத்திடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

தொட்டிக்கு அடியில் தட்டு வைக்கிறவர்கள் அதில் நீர் தேங்க விடாதீர்கள். ஏடிஸ் கொசு முட்டையிட்டு, ஏழு முதல் பத்து நாளுக்குள் புதுக் கொசு பறந்துவிடும். வாரம் ஒரு முறை தட்டைக் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவ வேண்டும். தட்டே இல்லாவிட்டால் இன்னும் நல்லது. 1975ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டப்படி, கொசுப் புழு கண்டால் வீட்டாருக்குத் தண்டம் விதிக்கலாம். தண்டத்தைவிட டிங்கிக் காய்ச்சல் பெரிது.

கடைசியாக ஒன்று. செடி வைக்கச் சொல்லி நான் வீடு வீடாகப் போனபோது, ஓர் அம்மா என்னைக் கேட்டார்: "டீச்சரம்மா, வீடே நம்மளுது இல்ல. இதுல எதுக்குப் பூச்செடி? எந்திரிச்சுப் போன்னா போகணும்." என்னிடம் பதில் இல்லை. தோட்டம் கைமாறியதையும், பால்மரம் போய்ச் செம்பனை வந்ததையும், செம்பனை நின்ற நிலமும் வீட்டுமனையானதையும் பார்த்தவர் அவர். மாமரம் வைத்து, அது காய்க்கும் காலத்தில் விட்டுவிட்டு வந்த குடும்பம் அது. நான் ஒன்றும் சொல்லாமல், இரண்டு விசிறிகளை மட்டும் அவர் வாசலில் வைத்துவிட்டு வந்தேன். நட்டாரா என்றுகூடக் கேட்கவில்லை.

2016இல் அந்தக் குடும்பம் பட்டணத்து அடுக்குமாடிக்குக் குடிபெயர்ந்தது. லாரியில் கட்டில், அலமாரி, சாமிப்படம் எல்லாம் ஏறிய பிறகு, அந்த அம்மா சாங்கோலோடு வாசலுக்கு வந்தார். தூர் நன்றாகப் பருத்திருந்தது. தூக்கி, உதறி, இலையை ஒரு சாணுக்கு வெட்டினார். நான் சொல்லிக் கொடுத்ததைவிடச் சுத்தமான வெட்டு. நான்கு துண்டுகளைத் தனக்கு எடுத்துக்கொண்டு, மிச்சத்தை அக்கம்பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்தார். "மாமரத்தத்தான் தூக்க முடியல" என்றார்.

அப்படிக் குடிபெயரும் குடும்பங்கள் இன்றும் உண்டு. ஆகவே தூரை எடுத்துச் செல்லும் முறையையும் சொல்லிவிடுகிறேன். கிழங்கை அலசி, இலையை வெட்டி, ஒரு நாள் நிழலில் உலர்த்துங்கள். பிறகு வேர்ப் பக்கத்தை மட்டும் இலேசாக ஈரமாக்கிய பழைய நாளிதழில் சுற்றி, அட்டைப்பெட்டியில் வையுங்கள். பிளாஸ்டிக் பையில் கட்டி மூடிவிட்டால் வியர்த்து அழுகும். இப்படி வைத்தால் ஒரு வாரம்வரை தாங்கும். புது வீட்டில் சாமான் அடுக்கி முடித்த பிறகு நட்டால் போதும், அவசரமில்லை. அடுக்குமாடியில் வெயில் படும் பக்கம் எது என்று இரண்டு நாள் பார்த்துவிட்டுத் தொட்டியைத் தரையில் வையுங்கள். கைப்பிடிச் சுவரின்மேல் வைக்கவே கூடாது, காற்றில் சாய்ந்தால் கீழே நடப்பவர் தலையில் விழும்.

அடுத்த பேச்சில் கல்வாழையைப் பற்றிப் பார்ப்போம். வணக்கம்.